சனிக்கிழமைக் கையெழுத்துகள்

தர்மகுலம் அண்ணை, அந்த வரவுப் புத்தகம் மழையில் ஊறி அழிந்துவிட்டது என்று நீங்கள் என்னிடம் சொன்னது பொய்.

போன மாதம் சங்கத்தின் ஆண்டு விழாக் கண்காட்சியில் அது இருந்தது. மேடைக்கு இடப்பக்க மேசையில், பழைய படங்களுக்கும் விளையாட்டுப் போட்டிக் கிண்ணங்களுக்கும் நடுவில். முருகன் படம் போட்ட கலண்டர் தாளில் நீங்களே போட்ட உறை. மூலையில் கோப்பிக் கோப்பை வைத்த வட்டம். ‘எமது தமிழ்ப் பாடசாலையின் ஆரம்பகால வரவேடு’ என்று எழுதிய அட்டை ஒன்றையும் முன்னால் நிறுத்தியிருந்தீர்கள். நான் புரட்டிப் பார்த்தேன். ஒரு தாள்கூட ஊறியிருக்கவில்லை.

சங்கத்தின் ஆண்டு மலர்க்குழுவினர் என்னிடம் கேட்டது வேறு. நான் ஓய்வு பெற்றுவிட்டேனாம், இப்போது அலுவலகங்களில் ஆளுக்குப் பதிலாகத் திரையில் முகம் காட்டும் மொழிபெயர்ப்பாளர்கள் வந்துவிட்டார்களாம், புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு என் ‘இனிய அனுபவங்களை’ இரண்டு பக்கத்தில் எழுதித் தர வேண்டுமாம். எழுதுகிறேன். இனிப்பு இருக்காது. இரண்டு பக்கத்திலும் அடங்காது.

என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் இத்தாலிக்கு, இந்தப் பலெர்மோ நகரத்துக்கு வந்தது வீட்டு வேலைக்கு. இத்தாலியனைப் படித்தது ஒரு சிஞ்ஞோராவின், வீட்டுக்கார அம்மாவின், குசினியில். பிறகு ஆறு மாதம் ஒரு பயிற்சி, ஒரு சான்றிதழ். அதற்குப் பிறகு இருபத்தாறு வருடம் சமூக சேவை அலுவலகம் ஒன்றில் தமிழ்க் குடும்பங்களுக்காக மொழிபெயர்த்தேன். சனிக்கிழமைகளில் சங்க மண்டபத்தில் ஒரு மேசை போட்டு, நம் ஆட்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தேன். அதற்கு யாரும் என்னைக் கேட்கவில்லை, நானாகத்தான் செய்தேன். அந்த மேசையில்தான் இந்தக் கதை தொடங்குகிறது.

ஆனால் அதற்கு முன் என் மேலதிகாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். டொட்டொரெஸ்ஸா கன்டேலா; படித்த பெண்களை இங்கே இப்படித்தான் மரியாதையாக அழைப்பார்கள். குடும்பங்களை விசாரித்து நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதுவது அவருடைய வேலை. யாராவது முன்னால் வந்து இருந்தால், முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றி, முகம் கீழே இருக்கும்படி மேசையில் வைப்பார். அதன் பிறகுதான் பேசுவார். கேள்விகளைப் பென்சிலால் எழுதுவார். பதில்களைப் பேனையால் எழுதுவார். ஏன் என்று முதல் நாள் கேட்டேன்.

“கேள்வி சரியில்லை என்றால் அழித்துவிட்டு வேறு கேட்கலாம். பதிலை அழிக்க எனக்கு உரிமை இல்லை. உங்களுக்கும் இல்லை,” என்றார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெண் அழுது அழுது பத்து நிமிடம் சொன்னதை நான் இரண்டு வசனத்தில் சொல்லி முடித்தேன். டொட்டொரெஸ்ஸா பேனையைக் கீழே வைத்தார். “அவர் பத்து நிமிடம் பேசினார். மிச்சம் எங்கே?” என்றார். அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டு, முதலில் இருந்து சொல்ல வைத்தார். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. இந்த வேலையில் எனக்குத் தெரிந்த சட்டம் அது ஒன்றுதான்.

நம் ஆட்களுக்கு இது பிடிக்காது. உள்ளே போகும் முன் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அக்கா, நீங்களே பாத்து நல்லாச் சொல்லுங்கோ” என்பார்கள். தங்கள் வாயையே கழற்றி என்னிடம் தந்துவிடுவார்கள். படிவம் நிரப்பும்போதும் அதே கதைதான். “நீங்களே பாத்துப் போடுங்கோ அக்கா.” பாத்துப் போட்டேன். நான் பாத்துப் போட்டதைத்தான் இப்போது எழுதப் போகிறேன்.

சுமதி என்ற பெண் தன் கைக்குழந்தையோடு என் மேசைக்கு வந்தாள். குழந்தையின் பெயர் ஆரணி. அப்போது இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. சுமதிக்கு ஒரு சிஞ்ஞோரா வீட்டில் தங்கி வேலை. வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் வீடு. புருஷன் ரவீந்திரன் காலையில் கட்டடங்களின் படிக்கட்டுகளைக் கழுவுவான், மத்தியானத்துக்குப் பிறகு பிள்ளையைப் பார்ப்பான். காலையில் பிள்ளையை விட நகரசபையின் பாலர் நிலையத்தில் ஓர் இடம் வேண்டும். இடமோ கொஞ்சம், கேட்பவர்கள் அதிகம். தனியாக இருக்கும் தாயின் பிள்ளைக்குத்தான் முதல் இடம்.

நீங்கள் பின்னால் இருந்து வந்தீர்கள், தர்மகுலம் அண்ணை. சங்கத் தலைவர், பாடசாலை அதிபர், எல்லாம் நீங்கள்தான். எட்டிப் படிவத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னீர்கள்.

“உந்தப் புருஷனை ஏன் போடுறீர் தங்கச்சி? அவற்றை விலாசப் பதிவைப் பல்லரோச் சந்தைப் பக்கம் ஆற்றையாவது வீட்டுக்கு மாத்தச் சொல்லும். தாய் தனிய எண்டு போடும். நாளைக்கே இடம் கிடைக்கும்.”

“பிறகு பிரச்சினை வராதோ அண்ணை?” என்று கேட்டேன்.

“என்ன பிரச்சினை? எத்தினை பேருக்கு உப்பிடிச் செய்து குடுத்தனான். ஆரும் மறியலுக்குப் போனவையே?”

ரவீந்திரன் அருகில்தான் நின்றான். சிரித்துக்கொண்டு சொன்னான்: “அப்ப நான் பேப்பரிலை வீட்டை விட்டு ஓடிப்போன புருஷன். ஊரிலை மாமி கேட்டால் சந்தோசப்படுவா.”

எல்லோரும் சிரித்தோம். நான் தகப்பனின் இடத்தில் கோடு போட்டேன். தாய் தனிய. என் கை, என் பேனை. இதை நான் யார் மேலும் போடவில்லை.

பிள்ளைக்கு இடம் கிடைத்தது. கிடைத்தது இடம் மட்டும் இல்லை, பயமும்தான். பதிவில் ஒன்றும் வீட்டில் வேறொன்றும் இருந்தால், யாராவது சோதிக்க வரலாம். வந்தால் பிள்ளை உண்மையைச் சொல்லிவிடும். அதனால் பிள்ளைகளைப் பழக்கினீர்கள், அண்ணை. நம் சனிக்கிழமைத் தமிழ்ப் பாலர் வகுப்பில், விளையாட்டாக. “பேப்பரோடை ஆக்கள் வந்து பப்பா எங்கை எண்டு கேட்டால் என்ன சொல்லவேணும்?” என்று நீங்கள் கேட்பீர்கள். பிள்ளைகள் எல்லாம் ஒன்றாகச் சத்தம் போடும்: “பப்பா எங்களோடை இல்லை.” சரியாகச் சொன்ன பிள்ளைக்கு ஒரு டொபி. நான் பின்னால் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றேன். நானும் சிரித்தேன்.

அதே வகுப்பில்தான் அந்த வரவுப் புத்தகமும் இருந்தது. ஒருமுறை ஒரு பிள்ளை வகுப்பு முடிந்து தனியாக வெளியே போய், சந்தைக் கூட்டத்துக்குள் அரை மணித்தியாலம் காணாமல் போன பிறகு நீங்கள்தான் அதைத் தொடங்கினீர்கள். பிள்ளையைக் கூட்டிப்போக வருபவர் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அடிமட்டம் வைத்து நீலப் பேனையால் நீங்களே கோடு கீறுவீர்கள். கையெழுத்துப் போடாமல் எந்தத் தகப்பனையும் வாசலைத் தாண்ட விடமாட்டீர்கள். அந்த விடயத்தில் நீங்கள் ஒழுங்கான மனிதர்.

ஆரணிக்குக் கையெழுத்துப் போட்டது ரவீந்திரன். சனிக்கிழமை சுமதி வேலை வீட்டில் இருப்பாள். அவனை விட்டால் வேறு ஆள் இல்லை. மூன்று வருடம், சனிக்கு சனி.

பிள்ளைக்கு ஐந்து வயதாக இருந்தபோது நகரக் காவலர் ஒருவர் பல்லரோ விலாசத்துக்குப் போனார். ரவீந்திரன் அங்கே இல்லை. கட்டிலும் இல்லை, சேட்டும் இல்லை. இரண்டாம் முறையும் போனார். அந்த வீட்டுக்காரப் பெடியன் பயந்துபோய், அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று சொல்லிவிட்டான். நகரசபை ரவீந்திரனின் பெயரைப் பதிவிலிருந்து வெட்டியது. பதிவு இல்லாதவனுக்குப் பெர்மெசோவை, இங்கே தங்கும் அனுமதியை, புதுப்பிக்க முடியாது என்றார்கள். மனைவியின் பெர்மெசோவோடு சேர்த்துக் குடும்பமாகக் கேட்கலாம் என்றால், அவன் அந்தக் குடும்பத்திலேயே இல்லை. நான்தானே எழுதினேன். சில மாதத்தில் அவன் இந்த நாட்டில் அனுமதி இல்லாத ஆள்.

ஒரு வழி மிச்சம் இருந்தது. தாயோ தகப்பனோ போனால் பிள்ளையின் உடலுக்கும் மனதுக்கும் பாரதூரமான கேடு வரும் என்றால், அனுமதி இல்லாத பெற்றோரையும் இங்கே தங்கவிடச் சிறுவர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அங்கே கேட்பது தகப்பனின் தேவையை அல்ல. பிள்ளைக்கு எது நல்லது என்பதைத்தான். வழக்கறிஞர் மனுப் போட்டார். விசாரித்து அறிக்கை எழுதும் வேலை டொட்டொரெஸ்ஸாவுக்கு வந்தது. மொழிபெயர்ப்பது நான்.

இந்த இடத்தில் நான் எழுந்து, ‘இந்தக் குடும்பத்தை எனக்குத் தெரியும், இந்தப் படிவத்தை நிரப்பியது நான்’ என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வேலை போய்விடும் என்று பயந்தேன்.

டொட்டொரெஸ்ஸா கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்தார். பிள்ளை மீது பாசம் இருக்கிறதா என்று அவர் யாரிடமும் கேட்பதில்லை. ‘எல்லோரும் ஆம் என்பார்கள், எழுதி என்ன பயன்’ என்பார். அவர் கேட்டது இப்படி: பிள்ளைக்கு நகம் வெட்டுவது யார்? எந்தக் கையை முதலில் தருவாள்? வைத்தியரின் பெயர் என்ன? பாடசாலையில் உடற்பயிற்சி எந்த நாள்? அவளுக்குப் பயமான மிருகம் எது? சப்பாத்து அளவு என்ன?

முதலில் சுமதி. நகம் வெட்டுவது புருஷன்தான் என்றாள். வைத்தியரின் பெயர் வாயில் வரவில்லை. சப்பாத்து அளவு இருபத்தெட்டு என்றாள், அது போன வருடத்து அளவு. பிறகு ரவீந்திரன். ஒரு கேள்விக்கும் யோசிக்கவில்லை. “முப்பது. ஆனா இடது கால் கொஞ்சம் பெரிசு, அதுக்குப் பாத்து வாங்கோணும்.” டொட்டொரெஸ்ஸா பேனையால் எழுதிக்கொண்டே போனார். எனக்கு நம்பிக்கை வந்தது.

அடுத்த நாள் பிள்ளையை விசாரித்தார். சின்னக் கதிரைகள் போட்ட அறை. ஆரணிக்கு ஆறு வயது. தெருப் பிள்ளைகள் பேசும் பலெர்மோ இத்தாலியன் அவளுக்கு நல்லாக வரும், என் உதவி தேவையில்லை. இருந்தாலும் ஒரு மூலையில் இருக்கச் சொன்னார். வீட்டை வரையச் சொன்னார். அவள் பல்கனி வரைந்தாள், காயப்போட்ட உடுப்பு வரைந்தாள், அம்மாவை வரைந்தாள், தன்னை வரைந்தாள், வீட்டில் இல்லாத ஒரு பூனையையும் வரைந்தாள்.

“பப்பா எங்கே?” என்று டொட்டொரெஸ்ஸா கேட்டார்.

அந்தப் பிள்ளை பென்சிலை வைத்தது. நிமிர்ந்து இருந்தது. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, வாணி விழாவில் பேச்சு ஒப்புவிப்பதுபோல ஒரே மூச்சில் இத்தாலியனில் சொன்னது: “பப்பா எங்களோடு இல்லை.”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். சரியாகச் சொன்னேன்தானே ஆன்ரி என்ற சிரிப்பு. அவளுக்கு டொபி கொடுத்த மண்டபத்தில் தேத்தண்ணீர் ஊற்றிய ஆன்ரி அல்லவா நான்.

தகப்பனைக் காப்பாற்றப் பழக்கிய வசனத்தை, தகப்பனைக் காப்பாற்ற வேண்டிய இடத்தில் அந்தப் பிள்ளை ஒழுங்காகச் சொன்னது. எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாருக்கு இப்படி ஒரு வேலை செய்ய வரும்?

வெளியே நடையில் டொட்டொரெஸ்ஸா என் முகத்தைப் பார்த்தார். “எனக்குத் தெரிய வேண்டியது ஏதாவது இருக்கிறதா?” என்று கேட்டார்.

“இல்லை” என்றேன்.

அந்த வேலையில் அதுவரை என் சொந்த வாயால் நான் சொன்ன ஒரேயொரு பதில் அது. அதுவும் பொய்.

அறிக்கை தகப்பனுக்குச் சாதகமாகத்தான் இருந்தது. ஆனால் பதிவில் அவன் இல்லை, பிள்ளையும் இல்லை என்கிறது. தகப்பன் பிள்ளையைப் பற்றி இவ்வளவு தெரிந்து வைத்திருப்பது வழக்குக்காக அண்மையில் பழகியதாக இருக்கலாம், முன்பிருந்தே கூட இருந்தான் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று முடிவு வந்தது. மனு தள்ளுபடி. முன்னால் இருந்த கடதாசியைப் பார்த்து முடிவு எழுதினார்கள். அந்தக் கடதாசி நாங்கள் கொடுத்தது.

மேல்முறையீட்டுக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. அப்போதுதான் நான் டொட்டொரெஸ்ஸாவின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். படிவம், பல்லரோ விலாசம், டொபி. அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றவில்லை. நான் சொன்னதை எழுதவும் இல்லை.

“இதை அன்றைக்கு நடையில் சொல்லியிருந்தால் நான் பிள்ளையிடம் வேறு கேள்வி கேட்டிருப்பேன்,” என்றார். பிறகு சொன்னார்: “இப்போது நீங்கள் சொன்னால் குடும்பத்துக்கு வேண்டியவர் சொல்கிறார் என்பார்கள். ஒரு கடதாசி கொண்டுவாருங்கள். வழக்கு வரும் என்று யாருக்கும் தெரியாத காலத்தில் எழுதிய கடதாசி.”

எனக்கு உடனே வரவுப் புத்தகம் நினைவுக்கு வந்தது. மூன்று வருடச் சனிக்கிழமைகள்.

வழக்கறிஞரைக் கேட்டுவிட்டு, அந்தச் சனிக்கிழமையே உங்களிடம் வந்தேன், அண்ணை. நீங்கள் வகுப்புக்குக் கதிரை அடுக்கிக்கொண்டு நின்றீர்கள். நாங்கள் கதைத்தது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. நினைவு வைத்திருப்பதுதான் என் தொழில்.

“புத்தகத்தைக் கோட்டுக்குக் குடுக்கிறதோ? உமக்கு விசரே தங்கச்சி? அதிலை எத்தினை தேப்பன்மாற்றை கையெழுத்து இருக்கு தெரியுமோ? எல்லாரும் பேப்பரிலை வீட்டிலை இல்லாத ஆக்கள்.”

“ரவீந்திரன்ரை வரியளை மட்டும் கொப்பி எடுப்பம் அண்ணை. மற்றப் பேரை மறைச்சுத் தரலாம் எண்டு வழக்கறிஞர் சொல்லுறா.”

“மறைச்சால் ஏன் மறைச்சனி எண்டு கேப்பினம். ஒரு குடும்பத்துக்காக மிச்சக் குடும்பங்களைக் காட்டிக் குடுக்கேலாது.”

“அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது?”

“நான் யோசிச்சுச் சொல்லுறன். வாற கிழமை வாரும்.”

நீங்கள் சொன்னதில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் குடும்பங்களின் பயம் உண்மையான பயம். அதில் என் மேசையில் நிரப்பிய படிவங்களும் இருந்தன. முடியாது என்று நீங்கள் நேராகச் சொல்லியிருந்தால், நான் கோபப்பட்டிருப்பேன், ஆனால் விளங்கியிருக்கும்.

அடுத்த கிழமை வந்தேன். மண்டபத்தின் பின்னறையில் கறுப்புக் குப்பைப் பை ஒன்றைத் திறந்து காட்டினீர்கள். உள்ளே ஊறிப்போன கடதாசிக் கூழ்.

“பாரும், கூரை ஒழுகி எல்லாம் போட்டுது. வரவுப் புத்தகமும் இதுக்குள்ளைதான். என்ன செய்யிறது, கடவுள் விட்ட வழி.”

நான் நம்பினேன். வழக்கறிஞரிடம் போய், புத்தகம் அழிந்துவிட்டது என்று சொன்னேன். அவர் பேனையை மூடி வைத்தார். “கொடுக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தால், அதைக் கொண்டுவரச் சொல்லி உத்தரவிடுங்கள் என்று நீதிமன்றத்தைக் கேட்டிருக்கலாம். இல்லாத ஒன்றை எப்படிக் கேட்பது?” என்றார்.

இதுதான் நீங்கள் செய்த வேலை, அண்ணை. மறுத்தது அல்ல. மறுத்திருந்தால் ஒரு கதவு மிச்சம் இருந்திருக்கும். அழிந்துவிட்டது என்று சொல்லி அந்தக் கதவையும் கல் வைத்துக் கட்டினீர்கள்.

மேல்முறையீட்டு விசாரணையில் ரவீந்திரன் பக்கத்தில் நான் நின்றேன். ‘நீங்கள் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?’ என்று நடுவில் இருந்த நீதிபதி அவனிடம் கேட்டார். அவன் நல்லாச் சொல்லுங்கோ அக்கா என்று என்னிடம் சொல்லவில்லை. தானே சொன்னான். நிதானமாக, நான் மொழிபெயர்க்க இடம் விட்டு விட்டுச் சொன்னான்.

“நான் போகவேண்டி வந்தால் ஆரெண்டாலும் இதை எழுதி வையுங்கோ ஐயா. அவளுக்கு இடது காது நோகிறது. சீப்பாலை தலை இழுக்கேக்கை அந்தப் பக்கம் மெல்லமாய் இழுக்கோணும். காய்ச்சல் எண்டால் சொல்லமாட்டாள், சும்மா படுத்திருப்பாள். நெத்தியைத் தொட்டுப் பாக்கோணும். தாய்க்கு உது தெரியாது. அவளிலை பிழை இல்லை, அவள் வேலை வீட்டிலை நிக்கிறவள்.”

ஒரு சொல் விடாமல் சொன்னேன். நீதிபதியின் பக்கத்தில் இருந்தவர் ஏதோ குறித்துக்கொண்டார். ஆனால் கையில் கடதாசி இல்லை.

மேல்முறையீடும் தள்ளுபடி.

ரவீந்திரன் ஒளித்திருக்கவில்லை. பிடித்து அனுப்பினால் பிள்ளை பார்க்கும் என்று தானாகவே போனான். சில வருடம் திரும்பி வரத் தடை. தடை முடிந்த பிறகு சுமதி கூப்பிடப் பார்த்தாள், வீட்டின் அளவு போதாது, சம்பளம் போதாது என்று திருப்பி அனுப்பினார்கள். அவன் இன்றைக்கும் சாவகச்சேரியில் இருக்கிறான். பதினொரு வருடமாகப் போனில் தகப்பன்.

டொட்டொரெஸ்ஸா என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. அதற்குப் பிறகு எந்த விசாரணைக்கும் முன், “இந்தக் குடும்பத்தை உங்களுக்குத் தெரியுமா?” என்று என்னிடம் கேட்பார். அதையும் பென்சிலால் எழுதுவார். என் பதிலைப் பேனையால் எழுதுவார். நான் ஓய்வு பெறும் வரைக்கும் ஒரு நாளும் அதைக் கேட்க மறக்கவில்லை. எனக்குக் கிடைத்த தண்டனை அது. சரியான தண்டனை. புதிதாக வரும் பிள்ளைகள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளட்டும்: தெரிந்த குடும்பம் என்றால் முதல் நிமிடத்திலேயே சொல்லுங்கள்.

இப்போது கண்காட்சிக்கு வருகிறேன்.

சுமதி வடை மேசையில் நின்றதால் ஆரணியும் வந்திருந்தாள். பதினேழு வயது. அவள்தான் முதலில் அந்தப் புத்தகத்தைத் திறந்தாள். உங்கள் பாடசாலையில் படித்த தமிழ்தான், மெல்ல எழுத்துக்கூட்டி வாசிப்பாள். நான் பக்கத்தில் போனபோது அவள் விரல் ஒரு வரியில் நின்றது.

“ஆன்ரி, இது அப்பாட ஃபிர்மாதானே?”

“ஓம் பிள்ளை. அவற்றை கையெழுத்துத்தான்.”

அவள் தாளைப் புரட்டினாள். “இதும்?”

“ஓம்.”

“எல்லாச் சனியுமோ?”

“ஓம்.”

ஒரு வரியில் நேரத்துக்குப் பக்கத்தில் அவன் எழுதியிருந்தான்: ‘காய்ச்சல். நேரத்தோடு கூட்டிப் போகிறேன்.’ அவள் அதை இரண்டு தரம் வாசித்தாள். எனக்கு அந்த நீதிமன்ற அறை கண்ணுக்கு முன் வந்தது. நெற்றியைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று அவன் சொன்னது வந்தது. அந்த ஒரு வரி அன்றைக்கு எங்கள் கையில் இருந்திருந்தால்.

“அப்ப கேஸ் நடக்கேக்கை இது எங்கை இருந்தது ஆன்ரி?”

நான் மண்டபத்துக்குள் உங்களைத் தேடினேன்.

அவள் போனை எடுத்துப் படம் பிடிக்கத் தொடங்கினாள், தாள் தாளாக. பிடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: “நான் அண்டைக்கு என்னை விசாரிச்ச அந்த அசிஸ்தென்தேட்டைச் சொன்னதாலதான் அப்பாவை அனுப்பினவை எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன். சின்னதிலை இருந்து. அம்மாட்டைக் கேக்கேல்லை. கேட்டா அழுவா.”

அப்போது சங்கத்துப் பெண் ஒருத்தி வந்து, “பிள்ளை, அதைத் தொடாதேங்கோ, பழசு, கிழிஞ்சிடும்” என்று புத்தகத்தை மூடி வைத்தாள்.

நீங்கள் மண்டபத்தின் மற்றப் பக்கத்தில் நின்றீர்கள். என்னைப் பார்த்தீர்கள். ஆரணியையும் பார்த்தீர்கள். பிறகு விருந்தினர் ஒருவரின் தோளில் கைபோட்டுக்கொண்டு வெளியே போனீர்கள். அடுத்த நாள் எனக்குப் போன் எடுத்தீர்கள்.

“தங்கச்சி, பழசைக் கிளறாதையும். நான் அப்ப சனத்தைக் காப்பாத்தினனான். இப்ப எல்லாரும் நல்லா இருக்கினம்.”

எல்லோரும் நல்லாகத்தான் இருக்கிறார்கள். அந்தத் தகப்பன்மார் எல்லோருக்கும் இப்போது ஒழுங்கான பெர்மெசோ, பலருக்குக் குடியுரிமை. உங்கள் புத்தகம் இப்போது யாரையும் காட்டிக் கொடுக்காது. அதனால்தானே மேசையில் வைத்தீர்கள். அழிக்காமல் பத்திரமாக வைத்திருந்தீர்கள், பெருமைப்படும் காலம் வரும் என்று காத்திருந்தீர்கள். பதினொரு வருடத்தில் ஒருநாள்கூட, அந்தப் பயம் போன பிறகுகூட, சுமதியின் கதவைத் தட்டி இதைக் கொடுக்க உங்களுக்குத் தோன்றவில்லை. ஒரு பிள்ளை ஆறு வயதில் தான் சொன்ன ஒரு வசனத்தைச் சுமந்துகொண்டு, உங்கள் மண்டபத்திலேயே, உங்கள் கண்ணுக்கு முன்னாலேயே வளர்ந்தது. அந்த வசனத்தைப் பழக்கியவர் நீங்கள். கேட்டுச் சிரித்தவள் நான்.

மலர்க்குழுவுக்குச் சொல்கிறேன்: இதில் ஒரு வரியும் வெட்டாமல் போடுங்கள். போடாவிட்டால் கொப்பி எடுத்து, பல்லரோவில் நம் ஆட்களின் கடை ஒவ்வொன்றிலும் நானே நின்று கொடுப்பேன். எனக்கு இப்போது நேரம் இருக்கிறது.

தர்மகுலம் அண்ணை, மலர் வெளியீட்டுக்கு உங்களை மேடையில் இருத்துவார்கள், மாலை போடுவார்கள். மாலை போடும் முன் நான் ஒலிவாங்கியை வாங்குவேன். முதலில் நான் சொல்வேன், படிவத்தை நிரப்பியது என் கை என்று, நடையில் டொட்டொரெஸ்ஸாவிடம் ‘இல்லை’ என்றது என் வாய் என்று. பிறகு ஒலிவாங்கியை உங்களிடம் தருவேன்.

ஆரணி முன்வரிசையில் இருப்பாள். போனில் ரவீந்திரனும் இருப்பான், அவள் பிடித்துக்கொண்டிருப்பாள். நீங்கள் தமிழில் சொல்லுங்கள். பிள்ளைக்கு விளங்காத இடத்தை நான் இத்தாலியனில் சொல்கிறேன். ஒரு சொல் கூட்டமாட்டேன், ஒரு சொல் குறைக்கமாட்டேன்.

அந்தப் பிள்ளை கேட்டதைத்தான் நானும் எல்லோருக்கும் முன்னால் கேட்கிறேன். வழக்கு நடந்தபோது அந்தப் புத்தகம் எங்கே இருந்தது, அண்ணை? அவளைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள்.